ஐந்து கிலோ

எத்தனை வருஷமா இறங்கியிருக்கு, என்று கேட்டாள் டாக்டரம்மா.
கடைசிப் பையன் பிறந்த மழையிலிருந்து, என்றேன்.
பேனாவை நிறுத்தி
அதை எண்ணாகச் சொல்லச் சொன்னாள்.
பத்தொன்பது.

முதலில் ஒரு கனம் மட்டும்.
சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது
கோழிமுட்டை மேல் உட்கார்ந்த மாதிரி.
பிறகு அது வெளியே எட்டிப் பார்த்தது.
குளிக்கையில் விரலில் தட்டுப்பட்டு
சோப்பும் கையுமாய் நின்றேன் தண்ணீர் ஆறும்வரை.
சுருளிக்குத் தெரியும்.
தெரியாதவன் மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான்.

கம்பம்மெட்டு வளைவுகளில்
ஒரே ஜீப்பில் பதினெட்டுப் பேர்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் காலை இறுக்கி
உள்ளே பிடித்துக்கொள்வேன்.
ஏலச்செடி காயைத் தரையோடு வைத்திருக்கிறது,
அதை எடுக்க நாளெல்லாம் குந்த வேண்டும்.
யாரும் பார்க்காத நிழலில்
கேன் தண்ணீரில் கைகழுவி
உள்ளே தள்ளிவிட்டு
மறுபடி காய் எடுப்பேன்.
அட்டை கடித்தால் காடு அதிரக் கத்துவோம்.
இதற்குச் சத்தமே கிடையாது.

நெடுங்கண்டத்தில் ரப்பர் வளையம் ஒன்று வைத்தார்கள்.
நாலாம் மாசம் பாத்தியில் நழுவி விழுந்தது.
காலால் மண் தள்ளி மூடினேன்.
எவளாவது வளையலென்று எடுத்துத் தொலைத்தால்?

தேனி ஆஸ்பத்திரியில்
ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று
ஒரு மாசம் இரும்பு மாத்திரை.
உரசி உரசிப் புண்ணான இடத்தில்
மஞ்சள் மருந்து நனைத்த துணி, தினமும்.
இருமல் நின்றால்தான் தேதி என்றார்கள்.
கையெழுத்துப் போட வந்த சுருளி
"எடுத்துருங்க, அதுக்கு இனிமே என்ன வேலை" என்றான்.
சரிதான்.
ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
யாரோ நூல் கேட்டார்கள், யாரோ பஞ்சு எண்ணினார்கள்.
இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான்
எதையும் பிடிக்காமல் படுத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏலியாம்மா.
புளியன்மலையில் ரெண்டு ஏக்கர் ஏலம், சொந்தமாக.
சொந்தக்காரர் கண்ணில் படாமலிருக்க
எல்லை தாண்டி இங்கே வந்தவள்.
"எனிக்கும் இது தன்னே" என்றாள், மூத்திரப் பையைக் காட்டி.
அவள் தோட்டத்தில் நான் காய் எடுத்திருக்கிறேன்.
அவள் குடையோடு வரப்பில் நின்றது நினைவிருக்கிறது,
காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு.

மறுநாள் உள்ளே வைத்த துணியை உருவினார்கள்.
தேர்வடம் மாதிரி வந்துகொண்டே இருந்தது.
குழாய் எடுத்த பிறகு ஒன்றும் வராமல்
நர்ஸ் பைப்பைத் திறந்துவிட்டாள்.
அந்தச் சத்தம் கேட்டு வந்தது, எரிச்சலோடு.
வெளிக்குப் போகத்தான் பயம்.
முக்கினால் எல்லாம் பிரிந்து கொட்டிவிடுமோ என்று
பப்பாளியும் வெந்நீருமாய் மூன்று நாள்.

மூணு மாசத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதே.
நர்ஸ் விளக்க வந்தாள். வேண்டாம் என்றேன்.
கிலோக் கணக்கில் கூலி வாங்கிய கைக்குத் தெரியும்.
அரைக்குடம் தண்ணீர் ஐந்து.
ஊறவைத்த போர்வை ஐந்துக்கு மேல்.
ரேஷன் அரிசியைப் பார்க்கவே கூடாது.
முதல் வாரம் சுருளி தண்ணீர் எடுத்தான்,
தெருக்குழாயில் பெண்கள் சிரித்தார்கள்.
ரெண்டாம் வாரம் விடியுமுன்னே போய் எடுத்தான்.

தாளித்த மிளகாய் நெடியில்
ஒருநாள் தும்மினேன்.
கை பழக்கத்தில் கீழே போனது.
அங்கே பிடிக்க ஒன்றுமில்லை.
அடுப்பை அணைத்துவிட்டு
இன்னொரு தும்மல் வருமா என்று காத்திருந்தேன்.

ஐந்தாம் மாசம் மறுபடி ஜீப்.
இப்போது ஸ்டோரில் ஸ்டூலில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறேன்,
கூலியில் அறுபது ரூபாய் குறைவு.
மூணாவது வளைவில் எதிர்சீட்டு கௌமாரி
கல்யாணமாகி நாலு வருஷம், ரெண்டு பிள்ளை
காலை இறுக்கினாள்.
எனக்குத் தெரிந்த இறுக்கம்.

இறங்கியதும் ஓரமாய்க் கேட்டேன்,
எத்தனை மாசமா?
வாயுப் பிடிப்பு அக்கா, என்றாள்.
நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாளைக்கும் கேட்பேன்.